மூடியில் எழுதிய பெயர்

காலையில் ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்ததும் பெட்டிக்காரி செய்கிற முதல் வேலை, குப்பைக்குப் புறப்பட்டுவிட்ட தட்டுகளை வழிமறிப்பது. வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு, கையுறையை இழுத்துவிட்டு, தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டியைச் சன்னலோரம் கொண்டுவந்து நிறுத்துவாள். உள்ளங்கையளவு வட்டத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் இரத்தம் கலந்த ஊட்டக்கூழ் சிவப்பாக உறைந்திருக்கும். தொண்டை வலி என்று வந்தவரின் உள்நாக்கருகே தடவிய பஞ்சுக்குச்சியை அதன்மேல் இழுத்து, ஒரு நாள் முழுவதும் வெதுவெதுப்பில் வைத்திருப்பார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பாள். ஊசிமுனைப் புள்ளிகளைச் சுற்றிச் சிவப்பு கரைந்து, நிலவைச் சூழ்ந்த வட்டம் போலத் தெளிந்திருந்தால் அவள் முகம் மலர்ந்துவிடும். “வந்தாச்சா, வாங்க வாங்க” என்று விருந்தாளியை அழைப்பது போல அழைப்பாள்.

அந்தப் புள்ளிகள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியின் குடியிருப்புகள். நுண்ணோக்கியில் பார்த்தால் மணி கோத்த மாலை போல ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். கம்பி வளையத்தால் ஒரு புள்ளியைக் கிள்ளி, விரற்கணு உயரமுள்ள குழாயில் இட்டு, எண் எழுதுவாள். எண்ணுக்குக் கீழே பெயர் இருக்காது. ஆனால் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். “கணக்கு ஆசிரியர், இரண்டு நாள் பாடம் இல்லை, மாணவர்க்கு மகிழ்ச்சி.” “பேருந்து நடத்துநர். விசில் மட்டும் ஊதுகிறார்.” அப்புறம் குழாயை உறைபெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் அன்றைய தேநீர். பதினோர் ஆண்டுகளில் நான்கு பெட்டிகள் நிரம்பிவிட்டன. பெட்டிக்காரி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இத்தனைக்கும் சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது. “இரத்தத்திலும் ஆழ்ந்த புண்ணிலும் கண்ட கிருமிகளை மட்டும் சேமிக்கவும். தொண்டை வலித் தட்டுகளை அழிக்கவும்.” எழுதியவர் துறைத் தலைவர், மருத்துவமனைக்கே அவர் பெரிய டாக்டர். தட்டை அழிக்கச் சொன்னார்கள், அவளும் அழித்துக்கொண்டிருந்தாள். புள்ளியைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை.

“கொள்ளைக்காரனோட கைரேகையைப் பத்திரப்படுத்துறது நியாயம்” என்பார் பெரிய டாக்டர். “நீங்க வேலியோரம் பூப்பறிச்சவன் ரேகையையெல்லாம் பெட்டியில போட்டுப் பூட்டுறீங்களே, அம்மா.”

“ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா, டாக்டர்?” என்பாள் அவள்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். நல்ல மனிதர்தான், ஆனால் தாம் சொன்னதை இன்னொரு முறை திருப்பிப் பார்க்கும் வழக்கம் மட்டும் அவரிடம் இல்லை. ஒரு தொண்டையில் இரண்டு நாள் கரகரத்துவிட்டுப் போகும் அதே கிருமி, இன்னோர் உடம்பில் புண் வழியே உள்ளே இறங்கி உயிரோடு விளையாடும் என்பது அவருக்கும் தெரியும். அதற்காகச் சாதுவாக இருப்பவனையெல்லாம் யார் கண்காணிப்பது என்பது அவர் கட்சி. சாதுவாக இருக்கும்போதுதானே அடையாளம் குறித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது என்பது அவள் கட்சி.

அந்த ஆண்டு பெரிய டாக்டருக்குப் புதிய பித்து ஒன்று பிடித்திருந்தது. பேத்தியைச் சனிக்கிழமைப் பாட்டு வகுப்பில் விடப் போனவர், வாசலில் நின்று கேட்டு, அடுத்த வாரமே தாமும் குழந்தைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நடைவழியெல்லாம் முனகலாகச் சுரவரிசை கேட்டது. இரண்டு வாரமாகக் குரல் கட்டியிருந்தது. “சாதகம் கொஞ்சம் அதிகம்” என்று பூரிப்போடு சொல்லிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து இனிப்பு வில்லை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நோயாளியிடம் பேசும்போது குரல் எழும்பாததால், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கட்டின்மேல் குனிந்து பேசுவார்.

அந்தச் சமயத்தில்தான் அறுவை சிகிச்சைப் பிரிவில் வம்பு வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பேருக்குத் தையல் போட்ட இடம் சிவந்து வீங்கி, காய்ச்சல் ஏறியது. கடைசிக் கட்டில் லாரி ஓட்டுநருக்கு இரத்தத்திலேயே கிருமி இறங்கிவிட்டது. நல்ல வேளையாக மருந்து வேலை செய்தது, மூவரும் தேறிவந்தார்கள். கிருமியின் மரபெழுத்துகளைப் படிக்கும் இயந்திரம், மூவரிடமும் இருந்தது ஒரே ரகம் என்று சொல்லிவிட்டது. அப்படியானால் அந்தப் பிரிவில் நடமாடும் யாரோ ஒருவர்தான் தொண்டையில் சுமந்து வந்து கொடுத்திருக்கிறார்.

பிரிவுக்குள் போய்வருகிற பதினான்கு பேருக்கும் தொண்டைச் சோதனை என்று உத்தரவானது. புண் கட்டும் தலைமைச் செவிலி பெட்டிக்காரிக்கு நாத்தனார். ஆகவே பெட்டிக்காரி அந்தத் தட்டுகளைத் தொடக்கூடாது என்று பெரிய டாக்டர் தீர்மானித்தார். “நாளைக்கு யாரும் வாயைத் திறக்கக்கூடாது. எல்லாத்தையும் நானே என் கையால செய்றேன்” என்றார். தம் தொண்டை உட்பட எல்லார் தொண்டையிலும் குச்சி பிடித்துத் தடவியது, தட்டில் இழுத்தது, பெயர் எழுதியது எல்லாம் அவரே. கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று எட்டிப் பார்த்த பெட்டிக்காரிக்கு, அவர் மூடிகளைத் திறந்து வரிசையாக வைத்துத் தட்டுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. முகத்தில் பரீட்சை எழுதும் பிள்ளையின் மும்முரம்.

பதினான்கில் ஒன்றில் மட்டும் ஒளிவட்டம் இருந்தது. இயந்திரமும் அதே ரகம் என்றது. மூடியில் நாத்தனாரின் பெயர்.

காலை எட்டு மணிக்கு, ஒரு குழு போய் இன்னொரு குழு வருகிற நேரத்தில், பிரிவின் கண்ணாடிக் கதவருகே எல்லார் முன்னிலையிலும் பெரிய டாக்டர் அதை அறிவித்தார். “இவங்க தொண்டையிலதான் இருக்கு. வலியை மறைச்சுட்டு வேலைக்கு வந்திருக்காங்க.”

“எனக்கு வலியே இல்லை, டாக்டர்” என்றாள் நாத்தனார். “மறுபடியும் ஒரு குச்சி எடுங்க.”

“ஒரு தடவை எடுத்தாச்சு. தட்டு பொய் சொல்லாது.”

இருபத்தாறு ஆண்டுகளாகப் புண் கட்டிய கை, அன்றைக்கே துணிக்கிடங்கில் போர்வை மடிக்கப் போனது. பத்து நாளில் விசாரணை. மறைத்தது உண்மை என்று முடிவானால் அவள் மறுபடி அந்தக் கதவுக்குள் நுழையவே முடியாது.

நாத்தனார் மேல்தளத்திலும் பெட்டிக்காரி கீழ்த்தளத்திலும் குடியிருந்தார்கள். அன்று மாலை படியிறங்கி வந்தவளைப் பார்த்ததுமே பெட்டிக்காரியின் கணவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நழுவினார்.

“எங்கடா ஓடுற? அக்கா வந்திருக்கேன்ல” என்று தம்பியின் முதுகுக்குச் சொல்லிவிட்டு நாத்தனார் உட்கார்ந்தாள். “கேட்டியா பெட்டி, நான் மறைச்சேனாம். போர்வை மடிக்கிறதுல எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. பொய்க்காரின்னு சொன்னாரே, அதுதான் தொண்டையில நிக்குது.”

“உங்களால தொண்டை வலியை மறைக்க முடியுமா, அண்ணி? போன வருஷம் வந்தப்போ மூணாவது தெரு வரைக்கும் தெரிஞ்சுது.”

“அதைப் போய் அவர்கிட்ட சொல்லு. பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்திருக்கார். தொடவே இல்லை. மறுபடி தட்டுப் போடட்டும், இருந்தா டப்பாவோட விழுங்குறேன்.”

பெட்டிக்காரிக்கு நெஞ்சு கனத்தது. கணவர் பக்கத்து உறவு என்பதற்காக மட்டுமன்று; தன் ஆய்வுக்கூடத்துத் தட்டு ஒன்று இந்த வீட்டுப் படியேறி வந்து ஒருத்தியைப் பொய்க்காரி என்கிறதே என்பதற்காக. மனம் கனத்தால் அவளுக்குக் கதைதான் வரும்.

“ஒரு காட்டுல சிங்கராஜா தண்ணி குடிக்கிற குளம் கலங்கிப்போச்சு, அண்ணி. யார் கலக்குறான்னு பார்க்கச் சொல்லிக் குரங்கை வெச்சார் ராஜா. பெரிய காலடியை மட்டும் குறிச்சுக்கோன்னு உத்தரவு. அது யானையை எழுதுச்சு, எருமையை எழுதுச்சு, எல்லாத்தையும் விரட்டியாச்சு. குளம் தெளியலை. கரையில ஒரு நத்தை. அதுக்கு வேற வேலை கிடையாது. சின்னக் காலடி, பெரிய காலடி எல்லாத்து மேலயும் ஊர்ந்து ஊர்ந்து மனப்பாடம் பண்ணி வெச்சிருந்துச்சு.”

“நத்தை நீ. அது புரியுது. நான் யாரு, யானையா?”

“எருமை.”

“உன் வாயில மருந்தைத்தான் வைக்கணும்” என்றாள் நாத்தனார். காலையிலிருந்து அப்போதுதான் அவள் சிரித்தாள். “சரி, கலக்குனது யாரு?”

“தெரியலை. கதை பாதியிலதான் நிக்குது. நாளைக்கு நத்தையைக் கேட்கிறேன்.”

மறுநாள் காலையில் பெட்டிக்காரி உறைபெட்டியைத் திறந்து, கடந்த இரண்டு மாதத்துக் குழாய்களை எண்ணி எடுத்தாள், அறுபத்திரண்டு இருந்தன. அவற்றைத் தாங்கியில் அடுக்கிக்கொண்டு எழுத்தெண்ணியின் அறைக்குப் போனாள். மரபெழுத்துகளைப் படிக்கும் இயந்திரத்துக்கு அவன்தான் பொறுப்பாளன். ஒரு கிருமிக்குப் பதினெட்டு லட்சம் எழுத்து; ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எத்தனை எழுத்து மாறுகிறது என்று பார்த்துத்தான் உறவா அயலா என்று சொல்வான். அந்தப் பட்டப்பெயர் அவனுக்குச் சட்டையை விடப் பொருத்தமாக இருந்தது.

“அக்கா, இதெல்லாம் வெறும் தொண்டை வலி” என்றான் அவன். “இந்த இயந்திரம் ஆழ்ந்த புண்ணு, இரத்தம்னு பெரிய இடத்துலயே பழகினது.”

“அந்தப் பெரிய இடத்துக்காரன் அங்க வர்றதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தான்னு எனக்குத் தெரியணும். ஒரு ரகம் திடீர்னு வானத்துலேர்ந்து குதிக்காது. முதல்ல எங்கயாவது சும்மா இருமிக்கிட்டு இருந்திருக்கும்.”

எழுத்தெண்ணி யோசித்தான். “செய்றேன். ஒரு நிபந்தனை. போன தடவை உங்க அண்ணி எனக்கு ஊசி போட்டாங்க, ரெண்டு நாள் உட்கார முடியலை. அடுத்த தடவை மெதுவாப் போடச் சொல்லணும்.”

“தம்பி, விசாரணையை வேணா நிறுத்திப் பார்க்கிறேன். அதை மட்டும் என்னால உறுதி சொல்ல முடியாது.”

உறக்கத்திலிருந்த கிருமிகளை எழுப்பி வளர்க்கவும் படிக்கவும் ஆறு நாள் ஆயின. அந்த ஆறு நாளும் மாலையில் மேல்தளத்திலிருந்து ஒரே கேள்விதான் இறங்கி வந்தது. “நத்தை ஏதாவது சொல்லுச்சா?” ஏழாம் நாள் காலையில் எழுத்தெண்ணி வேகமாக வந்து, கையோடு அவளை அழைத்துப்போனான். திரையில் மரம் போலக் கிளைகள் விரிந்திருந்தன. அறுபத்திரண்டில் ஐம்பத்தேழு வெவ்வேறு கிளைகளில் சிதறிக் கிடந்தன. ஐந்து மட்டும் அந்த மூன்று நோயாளிகளின் கிளையிலேயே உட்கார்ந்திருந்தன. ஒன்றிரண்டு எழுத்துக்கு மேல் வேறுபாடில்லை.

“உடன்பிறப்பு, அக்கா. முதல் ஆள் வந்தது, நம்ம பிரிவுல முதல் காய்ச்சலுக்கு மூணு வாரம் முன்னாடி.”

பெட்டிக்காரி அந்த ஐந்து குழாய்களையும் வரிசையாக வைத்து, தன் பொடி எழுத்தைத் தானே வாசித்தாள். “ஏழு வயது, சனிக்கிழமைப் பாட்டு வகுப்பு, மேல்சுரம் எட்டவில்லை என்று அழுகை.” “ஒன்பது வயது. பாட்டு வகுப்பில் முன்வரிசை.” “பாட்டு ஆசிரியை. மூன்று நாள் சைகையிலேயே பாடம்.” மற்ற இரண்டிலும் அதே வகுப்பு.

“நம்ம ஆளுங்கள்ல பாட்டு வகுப்புக்கு யாரு போறா?” என்றான் எழுத்தெண்ணி.

அவள் வாயெடுப்பதற்குள், நடைவழியில், கட்டிய குரலில், ஒரு சுரவரிசை மெல்ல ஏறி, பாதியில் தடுக்கி, ஓர் இருமலில் முடிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுத்தெண்ணி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

ஆனாலும் நாத்தனாரின் பெயர் தட்டில் இருக்கிறதே. பெரிய டாக்டரின் தட்டு சுத்தம் என்றல்லவா பதிவாகியிருக்கிறது? பெட்டிக்காரி நேரே குளிரறைக்குப் போனாள். விசாரணைக்கு வேண்டுமென்று அந்தப் பதினான்கு தட்டுகளையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். மூடியைத் திறக்காமல் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். இரண்டாவதைக் கவிழ்த்தாள். பதினான்கும் முடிகிற வரைக்கும் கவிழ்த்தாள்.

அந்தக் கூடத்தில் வேலைக்குச் சேர்கிற எவருக்கும் முதல் நாள் முதல் பாடம் ஒன்றுதான்: பெயரை அடித்தட்டில் எழுது, மூடியில் எழுதாதே. மூடி கழலும், எந்தத் தட்டுக்கும் பொருந்தும், அதற்கு விசுவாசம் கிடையாது. பதினைந்து ஆண்டுகளாக அறிக்கைகளில் கையெழுத்து மட்டும் போட்டுவந்த பெரிய டாக்டருக்கு அந்தப் பாடம் மறந்துபோயிருந்தது. பதினான்கு பெயர்களும் அழகான கையெழுத்தில் மூடிமேல் இருந்தன. அடியில் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் அவரை ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொல்லி, மேசைமேல் நாத்தனார் பெயருள்ள தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

“டாக்டர், அன்னைக்கு எல்லா மூடியையும் ஒண்ணாத் திறந்து வெச்சுப் பார்த்தீங்க. அடியில பாருங்க, ஒரு எழுத்தாவது இருக்கா? மூடும்போது ரெண்டு மூடி இடம் மாறியிருந்தா, இது யாரோட தட்டு?”

பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் வில்லையைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. அவள் ஐந்து குழாய்களை அவர் பக்கம் நகர்த்தினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதல் குழாயைப் படித்தார்.

“மேல்சுரம் எட்டவில்லை” என்றார் மெல்ல. “இது என் பேத்தி. ரெண்டு நாள் அழுதா.” பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “குச்சியை எடுங்க, அம்மா.”

“நான் அண்ணிக்கு உறவு. நான் எடுக்கலாமா, டாக்டர்?”

“உறவு இல்லாதவன் எடுத்த லட்சணத்தைத்தான் பார்த்தாச்சே. எடுங்க. அவங்களையும் கூப்பிட்டு எடுங்க.” வாயைத் திறக்கப் போனவர் மறுபடி மூடிக்கொண்டார். “பெயரை அடியில எழுதுங்க.”

மறுநாள் காலை அவள் வரும்போது சன்னலோரம் பெரிய டாக்டர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். முகக்கவசம் மூக்கு மறைய ஏறியிருந்தது. அவள் இரண்டு தட்டுகளையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நாத்தனாரின் தட்டில் எல்லார் தொண்டையிலும் இருக்கும் அப்பாவிகள் மட்டுமே. மற்றதில் வானத்து நிலவெல்லாம் ஒன்றாகக் கூடியது போல ஒளிவட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

“வந்தாச்சா, வாங்க வாங்க” என்றாள் பழக்க தோஷத்தில்; சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரிய டாக்டர் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு மேசை குலுங்கியது. “பாட்டுலயும் பேத்தி எனக்கு முன்னாடி, இதுலயும் முன்னாடி” என்றார். சிரிப்பு அடங்கியதும் முகம் வேறாயிற்று. “மூணு பேர் புண்ணுமேல நான்தான் குனிஞ்சு குனிஞ்சு பேசியிருக்கேன். அவங்க குடும்பத்துக்கிட்ட நானே போய்ச் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. மணி என்ன?”

“எட்டாகப் போகுது. மாத்திரை போட்டு ஒரு நாள் ஆகாம நீங்க பிரிவுக்குள்ள போகக்கூடாது, டாக்டர். எழுத்தெண்ணியும் படிச்சுச் சொல்ல ரெண்டு நாள் ஆகும். அப்புறம் போய்ச் சொல்லலாமே.”

“ரகம் எதுன்னு அவன் நிதானமாப் படிக்கட்டும். அவங்க பொய் சொல்லலைங்கிறது இப்பவே தெரிஞ்சுபோச்சு. எட்டு நாள் அவங்க காத்திருந்தாச்சு. ஒன்பதாவது நாள் எதுக்கு?”

போகிற வழியில் சுவரிலிருந்த விதியை அவரே உரித்தெடுத்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளைப் பலகை ஒன்றை அக்குளில் இடுக்கியிருந்தார்.

நாத்தனார் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றிருந்தாள். துணிக்கிடங்கிலிருந்து அவளை அழைத்து வரும்படி அவரே சொல்லியனுப்பியிருந்தார். போகிற குழுவும் வருகிற குழுவும் அவளைச் சூழ்ந்து நின்றன. பெரிய டாக்டர் கதவுக்கு வெளியே, எட்டு நாளுக்கு முன் அவள் நிறுத்தப்பட்ட அதே இடத்தில் நின்றார். முகக்கவசத்தை இறக்காமல் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தார். கட்டிய குரல் கண்ணாடியைத் தாண்டவில்லை. கை பழக்கத்தில் முகக்கவசத்துக்குப் போயிற்று, பாதியில் இறங்கிவிட்டது. பலகையை முழங்காலில் வைத்து எழுதிக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார்.

“கிருமி என் தொண்டையில் இருந்தது. பெயரை மூடியில் எழுதியது என் பிழை. மறுபடி சோதிக்கக் கேட்டபோது மறுத்தது அதைவிடப் பெரிய பிழை. இவர் எதையும் மறைக்கவில்லை. இவரைப் பொய்க்காரி என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.”

நாத்தனார் அருகே வந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பெட்டிக்காரி வெளியிலிருந்தே பார்த்துவிட்டாள். படித்து முடித்ததும் நாத்தனார் கதவோரம் வாயை வைத்து, “பெட்டி, குளத்தைக் கலக்குனது யாரு?” என்று கேட்டாள்.

“சிங்கத்தோட வால்” என்றாள் பெட்டிக்காரி.

பெரிய டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தச் சிங்கம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் வால் யாருடையது என்பது புரிந்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

நாத்தனார் திரும்பி உள்ளே பார்த்தாள். கடைசிக் கட்டிலில் லாரி ஓட்டுநர் தலையணையில் சாய்ந்து, கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

“டாக்டர்” என்றாள் அவள், இருபத்தாறு ஆண்டுப் பழக்கமுள்ள அதே உரத்த குரலில், “எழுத்து பொடிசா இருக்கு. கடைசிக் கட்டில்காரருக்குத் தெரியலையாம்.”

பெரிய டாக்டர் மேலங்கியின் கையாலேயே பலகையைத் துடைத்து, தரையில் வைத்து, முழங்காலிட்டு உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து பெரிதாக எழுதத் தொடங்கினார்.